லைசென்ஸ் டிரெய்லரை இழுக்காது

சிங்கப்பூரில் கனரக வாகனம் ஓட்டுவதற்கு இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்கலாம் என்று மனிதவள அமைச்சு 2025 செப்டம்பர் 1 முதல் விதியைத் தளர்த்தியது. அறிவிப்பு ஒன்று, ஊர் போய்ச் சேர்ந்த பேச்சு வேறொன்று. “ஹெவி லைசென்ஸ் இருக்குல்ல? அப்புறம் என்ன யோசனை? ஊர்ல பன்னெண்டு சக்கரம் ஓட்டினவனுக்கு அங்க டிரெய்லர் ஓட்டத் தெரியாதா? நாலு வருஷம் சம்பாதிச்சா சொந்தமா ஒரு வண்டி போட்டுரலாம்.” சிங்கப்பூரின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை கூடி நிற்பவர்களும் சரி, ஊரில் டிரைவிங் ஸ்கூல் வாசலில் நிற்கும் தரகரும் சரி, ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள். கேட்பவருக்கும் நியாயமாகவே படுகிறது. ஓட்டத் தெரியும் என்று அரசாங்கமே கொடுத்த அத்தாட்சிதான் லைசென்ஸ். ஓட்டத் தெரிந்தவன் ஓட்டிப் பிழைக்கப்போகிறான். இதில் மறுக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. டிரெய்லர் இழுத்துப் பிழைப்பவர் ஒரு நாளில் செய்கிற வேலைகளில் ஓட்டுவது ஒரு பங்குதான். அதுவும் இருப்பதிலேயே சுலபமான பங்கு. மற்றதைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை கிடையாது. காசு வருவதும் கைவிட்டுப் போவதும் அந்த மற்றதில்தான்.

பேச்சில் உள்ள உண்மையை முதலில் ஒத்துக்கொண்டுவிடலாம். கட்டுமான நிறுவனங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் லாரி ஓட்டிய தமிழர்கள் முன்பே உண்டு. ஆனால் கன்டெய்னர் இழுக்கும் நிறுவனங்கள் சேவைத் துறைக் கணக்கில் வருகின்றன. அந்தத் துறையில் வொர்க் பெர்மிட்டுக்கு மலேசியா, சீனா, ஹாங்காங், மக்காவ், தைவான், தென்கொரியா ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்களைத்தான் எடுக்க முடியும் என்றிருந்தது. 2023இல் சில வேலைகளுக்கு மட்டும் இந்தியா, பங்ளாதேஷ், இலங்கை போன்ற நாடுகளுக்கு வழிவிட ஒரு பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில்தான் கனரக வாகன ஓட்டுநர் இப்போது சேர்க்கப்பட்டிருக்கிறார். ஆள் பற்றாக்குறை இல்லாமல் எந்த அரசாங்கமும் இதைச் செய்யாது. சாலையில் இடப்பக்கம் போவதும் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். இவ்வளவும் மெய்.

ஆனால் அந்த விதி தளர்ந்தது முதலாளிக்கு. ஆளைத் தேடுவது நிறுவனம், விண்ணப்பிப்பது நிறுவனம், பெர்மிட் வருவதும் அந்த நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்துதான். அதுவும் இந்தப் பட்டியலின் கீழ் வருகிறவர்கள் மொத்தப் பணியாளர்களில் 8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கன்டெய்னர் இழுக்கும் சிறிய நிறுவனத்தில் 25 பேர் வேலை பார்த்தால் அதில் 2 பேர்தான் இப்படி வரலாம். ஊரில் ஒரு தரகர் முப்பது பேருக்கு ஒரே கம்பெனியில் டிரைவர் வேலை என்று பணம் வசூலித்தால், அந்தக் கம்பெனியில் ஏறத்தாழ 375 பேராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும், கேட்டுவிடலாம். யாரும் கேட்பதில்லை.

மாத நிலைச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி என்பது இன்னொரு நிபந்தனை. கேட்டவுடன் மனம் ரூபாயில் பெருக்கி 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் என்று கணக்குப் போட்டுவிடும். அது இல்லாத தொகை அல்ல. ஆனால் அது தரைத்தளம். மேலே எத்தனை மாடி என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பெர்மிட்டில் எழுதிய முதலாளியிடம், எழுதிய வேலையைத்தான் செய்யலாம். “நாலு வருஷத்தில் சொந்த வண்டி” என்ற கனவு இந்த இடத்திலேயே கலைந்துவிடுகிறது: வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் சிங்கப்பூரில் சொந்தத் தொழில் நடத்த முடியாது. இதை மறைத்துப் பேசுவது அறியாமையாக இருந்தால் பரவாயில்லை. பல நேரம் அது அறியாமை அல்ல.

லைசென்ஸுக்கே வருவோம். இந்திய ஹெவி லைசென்ஸை நீட்டிவிட்டு நேரே கேபினில் ஏறிவிட முடியாது. சிங்கப்பூரில் மூன்றாம் வகுப்பு லைசென்ஸ் காருக்கும் சிறு வேனுக்கும். இழுவை வண்டிக்கு, அதன் எடையைப் பொறுத்து, நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ வேண்டும். வெளிநாட்டு லைசென்ஸை மாற்றுவதற்குப் போக்குவரத்து போலிஸின் அடிப்படை எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும். ஊரில் ஆர்டிஓ அலுவலகத்தில் எட்டுப் போட்டு வாங்கியவருக்கு இந்த 45 பெரிய மலை. வாங்கிய பிறகு காப்பாற்றுவது அடுத்த வேலை. 24 மாதத்தில் 24 குற்றப்புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் நிறுத்திவைக்கப்படும். புதிதாக லைசென்ஸ் எடுத்து முதல் ஆண்டில் இருப்பவருக்கு 13 புள்ளியிலேயே ரத்து. கனரக வாகனத்துக்கு வேக வரம்பு 60 கிலோமீட்டர். விரைவுச்சாலை முழுக்க காலியாக இருந்தாலும் 60தான். 2026 ஜனவரி முதல் வேக மீறலுக்கான தண்டத் தொகையும் புள்ளியும் இன்னும் கூட்டப்பட்டிருக்கின்றன. டிரைவர் வேலைக்கு வந்தவரின் லைசென்ஸ் போனால், வந்த வேலையும் போயிற்று.

சரி, எல்லாம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விடிகாலை, ஜூரோங் பக்கம் ஒரு யார்டு. வரிசையாக டிரெய்லர்கள் முன்கால் ஊன்றி நிற்கின்றன. முன்வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தவர் அதைப் பின்னோக்கி நகர்த்தி டிரெய்லரின் மூக்குக்கு அடியில் செலுத்த வேண்டும். முன்வண்டியின் முதுகில் கிரீஸ் பூசிய வட்டத் தட்டு. டிரெய்லருக்கு அடியில் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கிங் பின். பின் போய்த் தட்டின் வாய்க்குள் விழும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். புதியவர் அந்தச் சத்தத்தை நம்பி இறங்கிவிடுவார். அனுபவஸ்தர் நம்ப மாட்டார். டிரெய்லரின் பிரேக் பிடித்தபடியே இருக்க, வண்டியை முன்னால் லேசாக இழுத்துப் பார்ப்பார். பிறகு டார்ச் லைட்டோடு இறங்கிக் குனிந்து, தட்டின் தாடை கிங் பின்னைச் சுற்றி முழுதாக மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார். பாதி மூடிய தாடையும் அதே சத்தத்தைத்தான் தரும். யார்டுக்குள் நேராகப் போகும்வரை அது பிடித்தும் கொண்டிருக்கும். முதல் மேட்டிலோ முதல் வளைவிலோதான் விட்டுப்போகும்.

அதன்பின் காற்றுக் குழாய்கள் இரண்டு, மின் இணைப்பு ஒன்று. குழாய் மாறினால் பிரேக் சொன்னபடி கேட்காது. முன்காலைச் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். மறந்தால் வேகத்தடையில் இடிபட்டு வளையும். வால் விளக்கு, சக்கர நட்டு, டயர் என்று ஒரு சுற்று. கன்டெய்னர் ஏற்றிய பிறகு நான்கு மூலையிலும் பூட்டைத் திருப்பியாக வேண்டும். நாற்பது அடிப் பெட்டி சரக்கோடு 30 டன் வரை போகும். நான்கில் ஒரு பூட்டு திறந்திருந்தாலும் வளைவில் பெட்டி தன் வழியே போகப் பார்க்கும். பெட்டியிலும் உயரமான ரகம் ஒன்று உண்டு, 2.9 மீட்டர். டிரெய்லர் தளத்தின் உயரத்தோடு கூட்டினால் 4.5 மீட்டருக்கு ஒட்டி வந்து நிற்கும். சிங்கப்பூரில் 4.5 மீட்டரைத் தாண்டிய சுமைக்குத் தனி அனுமதியும் வழித்துணையும் வேண்டும். எந்தப் பெட்டியை எந்த டிரெய்லரில் ஏற்றுவது என்பதும் ஆகவே ஓட்டுநர் தலையில்தான் வந்து விழுகிறது.

ஊரில் இதில் பாதியைக் கிளீனர் செய்வார். பின்னால் நின்று “வரட்டும் வரட்டும்… லெஃப்ட்டு ஒடி… ஹோல்டான்” என்று கத்துகிற குரல் இங்கே கேபினுக்குப் பின்னால் இருக்காது. ஓட்டுநர் ஒற்றை ஆள். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது லாரியை ரிவர்ஸ் எடுப்பதற்கு நேர் எதிர்: வால் இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக ஒடித்தால் முன்வண்டியும் டிரெய்லரும் ஒன்றையொன்று நோக்கி மடங்கிவிடும். பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் என்று ஒரே உடலாக இருக்கும் லாரியைப் பத்து வருடம் ஓட்டிய கைக்கு இந்த எதிர்த்திசைப் பழக்கம் தானாக வராது. பழைய பழக்கம் இடைஞ்சல் செய்யும் என்றுகூடச் சொல்லலாம். துவாஸில் சந்து மாதிரி இருக்கும் தொழிற்சாலை வாசலில், பின்னால் இரண்டு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்க, இதைச் செய்தாக வேண்டும்.

லைசென்ஸ் போதும் என்கிற பேச்சு நாமக்கல்லுக்கும் சங்ககிரிக்கும் பெருமை சேர்ப்பது போலத் தோன்றும். உண்மையில் அது அந்த ஊர்களை அவமதிக்கிறது. லாரித் தொழிலில் அந்த வட்டாரம் பெயர் வாங்கியது லைசென்ஸால் அல்ல. சின்ன வயதில் கிளீனராக ஏறி, டயர் மாற்றி, தார்ப்பாய் கட்டி, ராத்திரி நெடுஞ்சாலையில் பழைய டிரைவரின் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்து, வெறும் வண்டியை மட்டும் ஓட்டிப் பார்த்து, கடைசியில்தான் பாரம் ஏற்றிய வண்டியின் ஸ்டீயரிங் கைக்கு வரும். லைசென்ஸ் அந்த வரிசையில் நடுவே எங்கோ வாங்கிய ஒரு காகிதம். அந்த ஊரிலேயே பாடி கட்டுகிறார்கள், அந்த ஊரிலேயே கேஸ் டேங்கர் உரிமையாளர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். தொழில் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்தப் பயிற்சி முழுவதையும் உருவி எறிந்துவிட்டுக் காகிதத்தை மட்டும் விமானத்தில் ஏற்றி அனுப்பினால் போதும் என்பதுதான் இன்றைய பேச்சு.

காகிதம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு சாட்சி இருக்கிறது. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்செவன் மாநிலத்தில் ஒரு சாலைச் சந்திப்பில், இரட்டை டிரெய்லர் இழுத்து வந்த லாரி நிறுத்தப் பலகையில் நிற்காமல் போனது. குறுக்கே வந்த பஸ்ஸில் ஹம்போல்ட் நகரின் இளைஞர் ஐஸ் ஹாக்கி அணி இருந்தது. 29 பேரில் 16 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் இந்தியாவிலிருந்து போன இளைஞர். அவரிடம் முறையான லைசென்ஸ் இருந்தது. குடிக்கவில்லை, வேகமும் அதிகம் இல்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சில நாள் முதலாளியோடு போய்ப் பழகியவர், அதன்பின் தனியாக அனுப்பப்பட்டார். பின் டிரெய்லரில் தார்ப்பாய் அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்ததில் எச்சரிக்கைப் பலகைகள் கண்ணில் படவில்லை. அவருக்கு 8 ஆண்டு சிறை. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் கனரக லைசென்ஸுக்குக் குறைந்தது 121.5 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் அப்படி எதுவும் கட்டாயமில்லை. லைசென்ஸ் போதும் என்றுதான் அங்கேயும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

காசு விஷயத்துக்கு வந்தால் பேச்சின் ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரியும்.

சிங்கப்பூர்த் துறைமுகம் 2024இல் கையாண்டது 41 மில்லியன் இருபதடிப் பெட்டிகளுக்கு மேல். இந்த எண்ணைச் சொல்லித்தான் “எவ்வளவு பெட்டி, அவ்வளவு டிரிப்” என்று ஆசை காட்டுகிறார்கள். அதில் சுமார் 85 சதவீதம் ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிவிடுகிற சரக்கு. துறைமுக வேலியைத் தாண்டி அது பெரும்பாலும் வெளியே வருவதில்லை. வெளியே சாலையில் இழுக்கும் நிறுவனங்கள் அத்தனையும் மோதிக்கொள்வது மீதி 15 சதவீதத்துக்காக. அந்த மீதியும் சின்ன எண்ணிக்கை அல்ல, ஆனால் மில்லியன் கணக்கைக் காட்டி ஒருவரை விமானம் ஏற்றுவது நேர்மையான கணக்கு ஆகாது.

அடுத்தது நேரம். துறைமுக வாசலில் லாரி நுழைய ஆகிற நேரம் 25 விநாடி. 1997இல் துறைமுக நிறுவனமான பிஎஸ்ஏ கொண்டுவந்த தானியங்கி வாசல் முறை அது; காகிதமில்லாமல் வண்டியையும் பெட்டியையும் சரிபார்த்துவிடும். சிங்கப்பூர் பெருமைப்பட்டுக்கொள்ளும் விஷயம்தான். ஆனால் அந்த 25 விநாடிக்கு முன்னும் பின்னும் இருப்பதை யார் எண்ணுகிறார்கள்? கிட்டங்கியில் இறக்குமிடம் காலியாகவில்லை. சரக்கு இறக்க ஆள் சாப்பிடப் போயிருக்கிறார். பெட்டியின் பத்திரத்தில் ஒரு எண் பிசகு. காலிப் பெட்டியைத் திருப்பித் தர வேண்டிய டிப்போ தீவின் மறுகோடியில்; அங்கேயும் வரிசை. காலிப் பெட்டி தாமதமானால் கப்பல் நிறுவனம் தண்டம் போடும், ஆகவே எப்படியாவது இன்றே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும்.

டிரிப்புக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை பேசியிருந்தால் இந்தக் காத்திருப்பு எல்லாம் யார் கணக்கில்? அதுதான் இந்தத் தொழிலின் முதல் கேள்வி. மாதம் எவ்வளவு என்பது இரண்டாம் கேள்வி. சிங்கப்பூரின் வேலைச் சட்டம் ஓட்டுநருக்குப் பாதுகாப்புத் தராமல் இல்லை. அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்குள் இருக்கும் வாகன ஓட்டுநர் ‘உழைப்பாளி’ வகையில் வருகிறார்; வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் செய்கிற வேலைக்கு ஒன்றரை மடங்கு, மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் கூடுதல் வேலை வாங்கக் கூடாது. கிட்டங்கி வாசலில் முதலாளி சொல்லி நிற்கும் மூன்று மணி நேரமும் வேலை நேரமே. டிரிப் காசு என்ற பேச்சில் மயங்கி அந்த மணிகளை எழுதி வைக்காமல் விடுகிறவர், தன் சம்பளத்தைத் தானே கிள்ளிக் கொடுக்கிறார். நேரம், இடம், பெட்டி எண் என்று ஒரு சின்ன நோட்டில் தினமும் குறித்துவைக்கிற பழக்கம் ஸ்டீயரிங் பிடிக்கும் பழக்கத்துக்குச் சற்றும் குறைந்தது அல்ல.

வெறும் வண்டி, காத்திருப்பு என்ற இந்த வியாதி சிங்கப்பூருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் வீட்டோடு ஊர் சுற்றும் ஆர்வி டிரெய்லர்களில் பெரும்பங்கு இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. சொந்தப் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் அவற்றை இழுத்துப்போய் நாடு முழுக்க உள்ள கடைகளில் சேர்க்கிறார்கள். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 26,000 பவுண்டு எடைக்குள் இருந்தால் வணிக லைசென்ஸ்கூட வேண்டியதில்லை. கார் ஓட்டுகிற எவரும் தொடங்கிவிடலாம் என்று தோன்றும். அங்கேயும் அதே பேச்சு உண்டு: வண்டி இருக்கு, ரோடு இருக்கு, கிளம்ப வேண்டியதுதானே. கலிஃபோர்னியாவுக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல் இழுத்துப்போனால் அந்தத் தூரத்துக்குக் கூலி உண்டு. திரும்பி வரும்போது பின்னால் ஒன்றும் இல்லை, கூலியும் இல்லை. டீசல், டயர் தேய்மானம், காப்பீடு, விடுதி வாடகை எல்லாம் சொந்தக் கை. கூலியைப் போகிற தூரமும் வருகிற தூரமும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்கத் தெரிந்தவர்தான் அங்கே நிலைக்கிறார்.

சிங்கப்பூரில் ஆர்வி இழுத்துப் பிழைக்க இடமே கிடையாது. கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர்தான் தீவு. காலையில் வீட்டோடு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் கடல் வந்துவிடும். ஆனால் எல்கார்ட்டின் கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. கிலோமீட்டரை எடுத்துவிட்டு மணி நேரத்தைப் போட்டால் போதும்.

குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கிறவர் சொந்த வண்டி போடலாமே என்றால், போடலாம். வண்டி வாங்குமுன் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990இல் வந்த முறை. பத்து ஆண்டுக்குச் செல்லும். சரக்கு வாகனங்களுக்கான ‘சி’ பிரிவில் அதன் விலை 2023இல் 90,000 வெள்ளியையும் தாண்டியது. வண்டியின் விலை அதில் சேரவில்லை. முன்வண்டிக்கும் டிரெய்லருக்கும் நிறுத்துமிடம் இருக்கிறது என்று நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் சான்றிதழ் காட்டியாக வேண்டும்; வீட்டுக்குக் கீழே கார் பேட்டையில் சொருகி வைக்கிற சமாசாரம் அல்ல. மின்னியல் சாலைக் கட்டணம் மிகக் கனமான சரக்கு வாகனத்துக்குக் காரைப் போல இரு மடங்கு. டீசலுக்கு லிட்டருக்கு 20 காசு தீர்வை, 2019 பிப்ரவரியிலிருந்து. இத்தனையும் கட்டிவிட்டு, ஒரு வண்டிக்காரர் சரக்கு யாரிடம் வாங்குவார்? பெரிய நிறுவனங்கள் மிச்சம் வைத்ததை, அவர்கள் சொல்கிற விலைக்கு. வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு வண்டி வாங்கியவர்கள் தேறியிருக்கிறார்கள். வண்டியை வாங்கிவிட்டு வாடிக்கையாளரைத் தேடினவர்களின் கதையைத் தரகர் சொல்வதில்லை.

ஓட்டுவது மட்டும் தொழில் அல்ல என்பது இங்கே புதிதும் அல்ல. லிட்டில் இந்தியா என்று இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிற சிராங்கூன் சாலை வட்டாரமே இழுவைத் தொழில் நின்ற இடம்தான். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய ஈர நிலத்தில் புல்லும் தண்ணீரும் கிடைத்ததால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வணிகம் அங்கே வேரூன்றியது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வணிகர் பெலிலியோஸின் பெயரைத் தாங்கிய பெலிலியோஸ் சாலை எல்லாம் அந்தக் காலத்துச் சுவடுகள். 1864இல் தொடங்கிய தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனத்தின் சரக்கை நகரத்துக்குக் கொண்டுவந்தவை மாட்டு வண்டிகள். வண்டிக்காரர்களில் தமிழர் ஏராளம். அந்த வண்டிக்காரருக்கு ‘ஓட்டத் தெரிந்தது’ என்பதற்காகவா பிழைப்பு நடந்தது? வண்டி ஓட்டுவதில் பாதி வேலையை மாடே பார்த்துக்கொள்ளும். மாட்டுக்குத் தீனி வைப்பது, லாடம் தேய்வதைக் கவனிப்பது, நுகத்தடிப் புண்ணுக்கு மருந்து போடுவது, அச்சுக்கு மசகு பூசுவது, எந்தக் கிட்டங்கியில் எப்போது சுமை கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது, அதுதான் தொழில். மாடு வளர்ப்பு, எண்ணெய்ச் செக்கு, கோதுமை அரைவை என்று ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு ஒரு பேட்டையே எழுந்ததும் அதனால்தான்.

இதற்கு நேர் எதிரான பேச்சு ஒன்றும் உலவுகிறது: டிரைவர் வேலையே ஒழியப்போகிறது, இப்போது போய் யார் தொடங்குவார்கள் என்று. துவாஸ் துறைமுகத்தைக் காட்டுகிறார்கள். 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2040களில் முழுதாகக் கட்டி முடிந்ததும் ஆண்டுக்கு 65 மில்லியன் பெட்டியைக் கையாளும். உள்ளே பெட்டி சுமந்து ஓடுவது ஆளில்லா வண்டிகள். உண்மைதான். ஆனால் அது லைசென்ஸ்காரர்களின் வாதத்தைத்தான் மேலும் உடைக்கிறது. இயந்திரம் முதலில் எடுத்துக்கொண்டது எதை? வேலி போட்ட சமதளத்தில், குறுக்கே யாரும் வராத பாதையில், ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு ஓட்டுவதை. அதாவது, எது போதும் என்று தேக்காவில் சொல்கிறார்களோ அதை. கிங் பின் தாடை மூடியதா என்று குனிந்து பார்க்கிற கண்ணையும், சந்துக்குள் நாற்பதடியை நுழைக்கிற கையையும், பத்திர எண் பிசகினால் யாருக்குப் போன் போடுவது என்று தெரிந்த வாயையும் அது இன்னும் தொடவில்லை.

இந்தப் பேச்சால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் அது ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது என்று விளங்கும். லைசென்ஸ் போதும் என்று சொன்னால்தான் லைசென்ஸ் வைத்திருக்கும் ஆயிரம் பேரிடம் பணம் கேட்க முடியும். டிரெய்லர் இணைக்கத் தெரிந்து, தனியாக ரிவர்ஸ் எடுத்துப் பழகி, நேரக் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள்தான் வேண்டும் என்றால் வரிசை சுருங்கிவிடும். சிங்கப்பூர் வேலை முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுகிற லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. ஊரிலேயே பல லட்சம் கைமாறுகிறது என்றால் அது இந்த வரம்புக்கு வெளியே நடக்கிற வியாபாரம்.

கிளம்ப நினைக்கிற டிரைவருக்கு ஊரிலேயே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. பன்னிரண்டு சக்கர லாரியை விட்டுவிட்டு ஆறு மாதமாவது டிரெய்லரில் ஏற வேண்டும். கிளீனரை இறக்கிவிட்டுத் தனியாக ரிவர்ஸ் எடுத்துப் பழக வேண்டும். நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: சேர்ந்த முதல் வாரங்களில் பக்கத்தில் பழைய டிரைவர் வருவாரா? துறைமுக நுழைவு அனுமதிக்கும் லைசென்ஸ் மாற்றத்துக்கும் யார் செலவு? அது முடியும்வரை எந்த வேலை, எந்தச் சம்பளம்? காத்திருக்கும் மணி எப்படிக் கணக்காகும்? பெர்மிட்டுக்கு முன் வருகிற ஒப்புதல் கடிதத்தில் நிலைச் சம்பளமும் பணியின் பெயரும் எழுதியிருக்கும். பணியின் பெயர் கனரக வாகன ஓட்டுநர் என்று இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால், “அங்க போனதும் மாத்திக்கலாம்” என்று தரகர் சொல்வார். பெர்மிட்டில் எழுதிய வேலையை விட்டு வேறு வேலை செய்வது சட்டமீறல். மாட்டினால் பெர்மிட் ரத்தாகி ஊர் திரும்ப வேண்டியவர் டிரைவர்தான்.